நாத்தனார் வந்த பிறகு

துணி உலர்த்தும் டிரையர் சுற்றியது; சூடு மட்டும் வரவில்லை. ஒரு மணி நேரம் ஓடியும் நர்ஸின் யூனிஃபார்ம் சொட்டச் சொட்ட ஈரமாகவே இருந்தது.

“பழசாயிடுச்சு, விடு,” என்றான் கணவன்.

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. போன வாரம் வரை கை பொறுக்காத சூட்டில் துணி தந்த மெஷின். இடையில் வீட்டில் மாறியது ஒன்றுதான்: புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். துணி துவைக்கும் அறையில்தான் அவளுக்குப் படுக்கை. வந்த அன்றே, “இது ஓடுனா லாரிக்குப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு,” என்று முகம் சுளித்தாள்.

துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் வடிகட்டியை நர்ஸ் உருவிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. அதுவே உறுத்தியது. அதை அவள் சுத்தம் செய்து நாளாகியிருந்தது.

“அண்ணி, மெஷினைத் தொட்டீங்களா?”

“பஞ்சை எடுத்துப் போட்டேன். வேற எதுக்கும்மா தொடறேன்?”

சொல்லும்போது நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“வேணும்னேதான் ஏதோ பண்ணியிருக்காங்க,” என்று நர்ஸ் கணவனிடம் கிசுகிசுத்தாள்.

“எதுக்கெடுத்தாலும் எங்க அக்காதானா?”

மறுநாள் நாத்தனார் கடைக்குப் போன நேரம் பார்த்து மெஷினை ஓடவிட்டு, வெளிச்சுவரில் மெஷினின் சூடான காற்று வெளியேறும் துளையில் கை வைத்தாள். மூச்சு விட்ட அளவுக்குக்கூடக் காற்றில்லை. உள்ளே வந்து குனிந்து பார்த்தால், தரையில் இழுத்த கீறல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை முன்னால் இழுத்தாள். பின்னால் காற்றுக்குழாய் சுவரோடு நசுங்கி அப்பளமாகக் கிடந்தது. சூடான காற்று வெளியேற வழியில்லாமல் மெஷின் தானாகவே சூட்டை நிறுத்திக்கொண்டிருக்கிறது.

அறை வாசலில் கடைப் பையோடு நாத்தனார் நின்றாள்.

“தள்ளினது நீங்கதானே?”

“கால் நீட்ட முடியலம்மா. கொஞ்சம் இடம் கிடைக்குமேன்னு தள்ளினேன். அது கெட்டுப்போகும்னு தெரியாது.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எப்பதான் கிளம்புவாங்கன்னு தம்பிகிட்ட கேட்டியே. காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் என்னன்னு சொல்ல?”

நர்ஸுக்குக் காது சுட்டது. குழாயின் ஒரு முனையைப் பிடித்தாள். நாத்தனார் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அதை நிமிர்த்தி மாட்டினார்கள். பிறகு படுக்கையைக் கூடத்துக்கு இழுத்து வந்தார்கள். பிளக்கை மாட்டி ஓடவிட்டதும் டிரையரின் கண்ணாடிக் கதவு மெல்லச் சூடேறியது.

மாலையில் வந்த கணவன் கூடத்துப் படுக்கையைப் பார்த்தான். துணி மடித்தபடி சிரித்துக்கொண்டிருந்த இருவரையும் பார்த்தான்.

“என்ன, ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்க?” என்றான், நம்பாமல்.