எதிர்வீட்டுப் பிறை

இப்போதெல்லாம் பிறை பார்க்க எவனும் கழுத்தைத் தூக்குவதில்லை. போனை எடுக்கிறான், லண்டனில் யாரையோ கேட்கிறான், "நாளைக்குப் பெருநாளாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறான். பார்த்தவன் யார், அவன் பேச்சை நம்பலாமா என்று ஒரு கேள்வி கிடையாது. கேட்டால் நான் கிறுக்கன். எங்கள் காலத்தில் ஒரு பிறையால் இங்கிலாந்தின் இந்தச் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் ஒரு தெருவே இரண்டாகப் போனது. அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லாரும் எதிர்வீட்டுக்காரன், நாஜி என்று பேர், அவன் வீட்டில் சாப்பிட்டவர்கள். நான் சொல்வதையும் கேளுங்கள்.

நானும் ஹிஸாமும் ஏமனில் ஒரே மலைக்காரர்கள். ஏடனில் ஒன்றாகக் கப்பல் ஏறினோம். ஒரே கொதிகலனுக்கு முன்னால் நின்று மாறிமாறிக் கரி அள்ளிப் போட்டோம். என் இடுப்பு போனபிறகு நான் கரையில் தங்கிவிட்டேன். இந்த ஊர்க்காரி பெல்லாவைக் கட்டிக்கொண்டு, நம் கடலோடிகள் தங்க ஆற்றோரத்தில் ஒரு விடுதி வைத்தேன். முன்னறையில் பாய் விரித்துத் தொழுதோம். பெருநாள் தொழுகை என்றால் தெருவே என் வீட்டுக்குத்தான் வரும். ஹிஸாம் எந்தக் கப்பலில் வந்தாலும் மூட்டையோடு நேரே என் வாசலில்தான் நிற்பான். மாடியில் ஜன்னலோரக் கட்டில் அவனுடையது. ஆள் நிறைந்து வழிந்தாலும் அதை வேறு ஒருவனுக்குக் கொடுத்ததில்லை.

அப்புறம் எதிர்ச்சாரியில் நாஜி ஒரு விடுதி திறந்தான். கதவுக்குப் பச்சைப் பெயின்ட். முகம் பார்க்கிற மாதிரி பித்தளைக் கைப்பிடி. எங்கள் ஊர் வழக்கப்படி நான் காப்பிக்கொட்டைத் தோலை இஞ்சி போட்டுக் கொதிக்க வைத்தால் அவன் ஏலக்காயும் சேர்த்துக் கொதிக்க வைப்பான். யாரையும் வா என்று கூப்பிடமாட்டான், வாசலில் நின்று சும்மா சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கே என் ஆட்களில் பாதிப் பேர் போனார்கள். போகட்டும். ஆனால் ஒருநாள் என்னிடமே, "ஹிஸாம் எப்ப வர்றாரு?" என்று கேட்டான். அவனுக்கு எதற்கு ஹிஸாம்?

அந்த வருஷம் ரமலான் குளிர்காலத்தில் வந்தது. இருபத்தொன்பதாம் நோன்பன்று சாயங்காலம் ஆட்களோடு மேட்டுக்குப் போய்ப் பிறை தேடினேன். வானம் புகைக்கூண்டுக்குள் பார்த்த மாதிரி இருந்தது. பிறை தெரியவில்லை என்றால் முப்பதாம் நோன்பு. வீட்டுக்கு வந்தோம், விடியுமுன் சஹர் சாப்பிட்டோம், தொழுதோம், போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டோம். ரமலான் காலையில் எங்கள் விடுதிகள் அப்படித்தான் இருக்கும்.

தக்பீர் சத்தத்தில் விழித்தேன். "அல்லாஹு அக்பர்" என்று கூட்டமாகச் சொல்கிற பெருநாள் தக்பீர். என் முன்னறையில் கேட்க வேண்டியது எதிர்வீட்டில் கேட்டது. திரையை விலக்கினேன். பச்சைக் கதவு விரியத் திறந்திருந்தது. கூட்டத்தின் நடுவே, முகத்தில் கரி போகாமல், தோளில் மூட்டையோடு ஹிஸாம். பட்டப்பகலில் கையில் காப்பிக் குவளை.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

"கையில என்னடா?"

"காப்பிடா! இன்னிக்குப் பெருநாள்!" கட்டிப்பிடிக்க வந்தான். நான் நகர்ந்துகொண்டேன்.

"எவன் சொன்னான்?"

"நான்தான். நேத்து பொழுது சாயற நேரம், சாம்பல் வாளியைக் கடல்ல கொட்ட மேல வந்தேன். மேற்கால மேகம் கிழிஞ்சுது. வெட்டிப் போட்ட நகம் மாதிரி நின்னுது பிறை."

"கூட யாரு பார்த்தா?"

"எங்க கப்பல் அதிகாரி, அந்த வெள்ளைக்கார மேட் துரை. அவருதான் விரலை நீட்டிக் காட்டினாரு."

"பன்னி திங்கிறவன் சாட்சியில நான் நோன்பை விடணுமா?"

"கண்ணாலதானடா பார்த்தாரு, வாயாலயா பார்த்தாரு?"

கூட்டம் சிரித்தது. எனக்கு எரிந்தது. "ரமலானை முடிக்கிற பிறைக்கு ரெண்டு சாட்சி வேணும். நம்ம மலையில ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்."

அப்போதுதான் நாஜி வாயைத் திறந்தான். அதிரக்கூடப் பேசவில்லை. "ஹிஸாம் ஒருத்தரு சொன்னா எனக்கு ரெண்டு பேரு சொன்ன மாதிரி, முக்பில் அண்ணே."

அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை. அவனோடு நெருப்பில் வெந்தவன் நான். இவன் ஏலக்காய் போட்டவன். என் ஆட்களை எடுத்தான், என் தக்பீரை எடுத்தான், கடைசியில் என் வாயில் இருந்ததையும் எடுத்துக்கொண்டான்.

"முதல்ல இங்க எதுக்குடா வந்த?" என்று ஹிஸாமைக் கேட்டேன்.

"உன் கதவைத்தான் முதல்ல தட்டினேன். கை வீங்கத் தட்டினேன். சஹர் சாப்பிட்டுட்டுப் பொணமாட்டம் கிடந்தீங்க. இவரு சத்தம் கேட்டு வெளிய வந்தாரு."

"நான் ஒரு தட்டுக்கே எந்திரிக்கிறவன்."

"ஆமாமா," என்றாள் பெல்லா எங்கள் வாசலில் இருந்து. "கொதிகலன் வெடிச்சாலும் புரண்டு படுக்கிற ஆளு நீ!"

நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பெருநாளன்று நோன்பு வைப்பது ஹராம் என்று மாடியில் முணுமுணுத்தார்கள். அப்புறம் படிக்கட்டில் காலடி கேட்டது. ஒவ்வொருவனாகத் தெருவைத் தாண்டினான். மதியம் ஆட்டுக்கறி வாசம் சாவித் துவாரம் வழியாகக்கூட உள்ளே வந்தது. கால் ஒடிந்து படுத்திருந்த ஒரு சோமாலிக்காரர் மட்டும்தான் என் பக்கம் மிஞ்சினார்.

சாயங்காலத்துக்குள் ஹிஸாம் வந்தான். துணி மூடிய தட்டு, உள்ளே தேன் ஊற்றிய அடுக்கு ரொட்டி.

"தின்னுடா. பெருநாள்ல பட்டினி கிடக்காத."

"ரமலான்ல திங்கிறதும் பாவம்தான்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முக்பில், கேக்கறேன்ல. நான் பிறையைப் பார்த்தேனா இல்லையா?"

"நாஜி வீட்டு ஜன்னல்லேருந்து பார்த்திருப்ப."

அவன் முகம் அடுப்பு அணைந்த மாதிரி ஆனது. தட்டை வைத்தான், போனான். மூட்டையை அவன் கொண்டுவரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அவன் இங்க வந்து சொல்லியிருந்தா ஒரு சாட்சியே போதும்னிருப்ப," என்றாள் பெல்லா.

"உனக்கு எங்க சட்டம் தெரியாது."

"உன்னைத் தெரியும்யா."

மறுநாள் என் பெருநாள். பாயை விரித்தேன். சோமாலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழத் தயாரானார். முன்னறை அவ்வளவு பெரிதென்று அன்றுதான் தெரிந்தது. தக்பீர் சொல்லக் கையைத் தூக்கும்போது கதவு திறந்தது. குளித்து, வெள்ளைத் தலைப்பாகை கட்டி, ஹிஸாம். நேரே எனக்குப் பின்னால் வந்து நின்றான். தொழுதோம். முடிந்ததும் அவனே கட்டிப்பிடித்தான்.

"நேத்து அங்க, இன்னிக்கு இங்க. எனக்கு மட்டும் ரெண்டு பெருநாள்டா!"

சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "நாஜி அனுப்பினானா?"

"நானாத்தான்டா வந்தேன். உன் பின்னால நிக்க எவனுமில்லன்னு தெரியும்."

"மூட்டை எங்க?"

"அங்கதான் இருக்கு. நீதான் நேத்து தூக்கிட்டு வாடான்னு ஒரு வார்த்தை சொல்லலையே. வா, ஒரு வாய் காப்பி குடிப்போம். உன் நோன்புதான் முடிஞ்சுதே."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினான். நானும் போனேன். பாதித் தெருவில் பச்சைக் கதவு முழுசாகத் தெரிந்தது. நாஜி நின்றான். அதே சிரிப்பு. ஜன்னல் விளிம்பில் ஆவி பறக்கும் குவளைகள். மூன்று.

ஹிஸாமுக்கு ஒன்று, நாஜிக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு? நான் வருவேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"தெரு முழுக்கக் குடிக்கிறாங்க, யாருக்கோ வச்சிருப்பாருடா," என்றான் ஹிஸாம். "வாடா."

யாருக்கோ வைத்திருக்கலாம் என்கிறார்கள். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் கையை விடுவித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தேன். ஹிஸாம் இரண்டு தடவை கூப்பிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. முதல் நாள் காலையில் என் கதவைத்தான் முதலில் தட்டினானாம். தட்டினால் எனக்குக் கேட்காதா?