தீடையில் இறங்கிய மூவர்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நேர்காணல்களின் ஒலிப்பதிவுகள் இப்போது இல்லை. எழுத்தில் ஏற்றிய பின் அவற்றை அழித்துவிட வேண்டும் என்பது ஆய்வின் விதி. அழித்தவன் நானே. இருவரில் யாரை முதலில் சந்தித்தேன் என்பதுகூட நிச்சயமில்லை. ஜெனோஜனை என்றே நினைக்கிறேன். பிரஷாந்தி பேசிக்கொண்டிருந்தபோது என் கைகள் குளிர்ந்துபோனதாக ஒரு நினைவு இருக்கிறது. அதையும் பிறகு நானே சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

டொக்டர் சுவேதினி ஓர் உளவியலாளர். வெட்கம் மனிதரை எப்படி நோயில் தள்ளுகிறது, தன்மீது கொஞ்சம் கருணை காட்டப் பழகினால் அந்த நோய் தணிகிறதா என்பது அவருடைய ஆய்வு. மன்னார்த் தீவிலும் எதிரே பெருநிலத்திலும் பதினெட்டிலிருந்து அறுபது வயதுவரை உள்ள அறுபத்துமூன்று பேரைச் சேர்த்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நீண்ட நேர்காணல், பின்னர் ஆறு வார அமர்வுகள். நேர்காணல்கள் என் வேலை.

"நீர் கதைக்காமல் இருக்கத் தெரிஞ்ச ஆள், நிதர்சன். அதுக்குத்தான் எடுத்தனான்" என்று முதல் நாள் சொன்னார். அது பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

ஜெனோஜன் பேசாலையில் படகு வைத்திருப்பவர். வயது முப்பத்துநான்கு. நாட்டில் எரிவாயுவும் பால்மாவும் இல்லாமல் போன 2022இல், இந்தியாவுக்குப் போக வந்தவர்களை நான்கு தடவை ஏற்றிப் போயிருந்தார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடலுக்குள் தீடைகள் எனப்படும் மணல் திட்டுகள் இருக்கின்றன. படகுக்காரர்கள் ஆட்களை அங்கே இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். அக்கரை ரோந்துப் படகு வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதுதான் வழக்கம்.

"மூண்டாந் தரம் மூண்டு பேர். ஒரு ஐயா, அவற்ற மனுசி, மருமகள்" என்றார். "தீடைக்குக் கிட்டப் போனா படகு தரை தட்டும் அண்ணை. நெஞ்சளவு தண்ணியில இறக்கிப்போட்டு உடன திருப்பிப்போடுவம். தலையில வைக்கிற ஒரு பை மட்டும்தான் விடுறது. அந்த மருமகள் தண்ணிக் கானைத் தூக்கினவ. பெரிய நீலக் கான். இதோட இறங்கினா நேரம் போயிடும் எண்டு எனக்குப் பயம். கானை விடுங்கோ, விடியப் படகு வரும் எண்டு நான்தான் சத்தம் போட்டனான்."

ரோந்துப் படகு அன்று விடிய வரவில்லை, மறுநாள் பின்னேரம்தான் வந்தது. அதற்கு முன்பே ஐயா இறந்துவிட்டார். ஜெனோஜன் அதைக் கைபேசியில் யாரோ அனுப்பிய படத்தில் பார்த்திருக்கிறார்.

"கோயிலில சுவாமியிட்டப் போய், செய்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தனான். சுவாமி மன்னிச்சிட்டார். ஆனா அந்தக் கானிலதான் இப்பவும் டீசல் அடிக்கிறன். வேற கான் வாங்கலாம். வாங்கேல்லை."

நான் பதிவுக்கருவியை நிறுத்தினேன்.

பிரஷாந்தியை மாந்தைக்கு அப்பால் ஒரு வயற்கிராமத்தின் முன்பள்ளிக் கட்டடத்தில் சந்தித்தேன். கணவர் கட்டாரில் வேலை. மாமியாருடன் இரண்டு வருடம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வழக்கம்போல ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தேன். அவர் அதை மெதுவாக மேசையின் மறுபக்கம் தள்ளி வைத்தார்.

"நான் பொழுதுபட்டாப்பிறகுதான் குடிக்கிறனான்."

"ஏதும் விரதமோ?"

"இல்லை. அப்பிடித்தான்."

பிறகு சொன்னார். மாமா சரவணமுத்து தீடையில் ஒன்றரை நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்து இறந்தார். தண்ணீர்க் கானைப் படகில் மறந்துவிட்டு இறங்கியது தான்தான் என்றார். "மாமா நாக்கால சொண்டைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னை ஒண்டும் சொல்லேல்லை. சொல்லியிருந்தா நல்லம்."

"மறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?" இந்தக் கேள்வி என் தாளில் இல்லை.

"இறங்கின நேரம் எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. பயம். மாமி சொல்லித்தான் தெரியும்."

மாமியார் புஸ்பத்தின் காதில் படகுக்காரர் சொன்னது இயந்திரச் சத்தத்தில் விழாமல் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது. ஆய்வுக்குரிய வயதெல்லையைத் தாண்டியவர். பின்னர் ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்க வீட்டுக்குப் போனபோது, அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிப்பம். இவளிட்டக் கேக்காதேங்கோ, தண்ணி எண்டா இவளுக்கு மறதி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிரஷாந்தியும் சிரித்தார்.

இரண்டு நேர்காணல்களையும் சுவேதினியின் முன்னால் வைத்தேன். பிரஷாந்தியிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"சொல்லேலாது" என்றார்.

"ஒரு வசனம்தான் டொக்டர். அவ மறக்கேல்லை எண்டு மட்டும்."

"அது ஜெனோஜன்ர வசனம். அவர் எங்களை நம்பித் தந்தது. எடுத்து இன்னொராளுக்குக் குடுக்க உமக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அதோட, பிழை செய்யாதவ எண்டு காட்டி வெட்கத்தை மாத்திறது என்ர ஆய்வு இல்லை. பிழை செய்திருந்தாலும் தன்னை அன்பாப் பாக்க ஏலுமோ எண்டதுதான் கேள்வி."

அது சரியான கேள்வியென்றே எனக்கும் பட்டது. அமர்வுகளில் பிரஷாந்தி ஒன்றையும் தவற விடவில்லை. நெஞ்சில் கை வைத்து, ஒரு சிநேகிதிக்குச் சொல்வதைத் தனக்குச் சொல்லும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தார். தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. நான்காம் வாரம் வயலில் மயங்கி விழுந்தார். சிறுநீரகத்தில் கற்கள் என்றும், பகலில் இப்படி உலர்ந்து கிடந்தால் சிறுநீரகமே போகும் என்றும் வைத்தியர் சொன்னார்.

அன்று சுவேதினி இரண்டு நேர்காணல்களையும் மறுபடி எடுத்து வாசித்தார். பிறகு, "ஜெனோஜனைக் கேப்பம். அவர் மாட்டன் எண்டா அதோட சரி" என்றார்.

பேசாலைக் கரையில் அவர் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். சுவேதினி பக்கத்தில் குந்தியிருந்து, அவர் சொன்ன ஒரு விடயத்தைப் பெயர் குறிப்பிடாமல் இன்னொருவருக்குச் சொல்ல அனுமதி கேட்டார்.

ஜெனோஜன் நிமிரவில்லை. "அந்த மருமகள் இஞ்சதானோ மிஸ்?"

சுவேதினி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப இஞ்சதான்." இன்னொரு நண்டின் காலை நூலிலிருந்து விடுவித்தார். "பேர் சொல்லாமல் சொன்னா ஆர் நம்புறது? ஆறுதலுக்கு நீங்கள் கட்டின கதை எண்டுதான் நினைப்பா. நான் வாறன்."

"ஆக்களை ஏத்தினதெண்டு வழக்கு வரலாம், தம்பி. யோசியுங்கோ."

"வழக்குக்கு முதல் வீட்டில என்ர மனுசி என்னைக் கொன்றுபோடுவா" என்றார். பிறகு, "வாறன்" என்று மறுபடியும் சொன்னார்.

அந்த நாளைப் பற்றித் தெரிந்த ஒருவர் பேச விரும்புகிறார், கேட்க விருப்பமா என்று பிரஷாந்தியிடம் கேட்டோம். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஓம் என்றார். மாமியும் கூட இருக்க வேண்டும் என்றார்.

ஜெனோஜன் பிரஷாந்தியின் வீட்டு வாசலுக்குள் வந்து கதிரையில் உட்கார மறுத்து நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கோயிலுக்குப் போவதுபோல. புஸ்பம் அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"கானை இவ மறக்கேல்லை அம்மா. தூக்கினவ. நான்தான் விடச் சொல்லிச் சத்தம் போட்டனான்."

பிரஷாந்தி அவரை அசையாமல் பார்த்தார். "எனக்கு அப்பிடி ஞாபகம் இல்லை."

"சொன்னனான் அக்கா. ரெண்டு தரம் சொன்னனான்."

வயல் பக்கம் ஒரு உழவு இயந்திரம் நின்றுபோய் மறுபடி கிளம்பியது.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் புஸ்பம்.

அவர் நிலத்தைப் பார்த்தபடியே பேசினார். "பொடியன் சொல்லியும் இவள் விடேல்லை. கானைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவள். எங்களை ஏத்திக்கொண்டு திரும்பிடுவான் எண்டு எனக்குப் பயம். நான்தான் கையில அடிச்சு விடப்பண்ணினனான். பிறகு தீடையில, முதலே இறங்கிப் போயிருந்த அந்த மனுசன் ஆர் கானை விட்டதெண்டு கேட்டார். நான் இவளைக் காட்டினன்."

பிரஷாந்தி அவர் பக்கம் திரும்பி, "மாமா நம்பினவரோ?" என்று கேட்டார்.

"நம்பினவர்."

பிரஷாந்தி அழவுமில்லை, ஏசவுமில்லை. எழும்பி உள்ளே போனார். ஜெனோஜன் சட்டை நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றார். புஸ்பம் சுவேதினியிடம் திரும்பினார்.

"டொக்டர், உங்கட வகுப்புக்கு என்ர வயசு ஆக்களை எடுக்கமாட்டியளோ?"

"எடுக்கிறேல்லை அம்மா" என்றார் சுவேதினி.

பிரஷாந்திக்கு வவுனியாவில் கல் எடுத்தார்கள். இப்போது பகலில் தண்ணீர் குடிக்கிறார். அரை ஏக்கரில் தானே நெல் விதைக்கிறார். புஸ்பம் ஒரு மாதம் செட்டிகுளத்தில் மகளுடன் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், அதிகம் பேசுவதில்லை. கட்டாரில் இருக்கும் கணவருக்கு இதைச் சொன்னார்களா என்று தெரியாது. ஜெனோஜன் மீது வழக்கு வரவில்லை. அவர் படகை விற்றுவிட்டு அரிப்புக் கிராமத்தில் மைத்துனருடன் மீன்பிடித் தொழில் செய்கிறார். சுவேதினியின் ஆய்வு சென்ற வருடம் வெளிவந்தது. விதி மீறப்பட்டதால் ஜெனோஜன், பிரஷாந்தி இருவரின் தரவுகளையும் அவரே நீக்கிவிட்டார். அதில் அறுபத்தொரு பேர் என்றே இருக்கிறது. நான் அந்த வேலையை விட்டு மன்னாரில் ஒரு நூலகத்தில் இருக்கிறேன்.