சுவிட்ச் போர்டுக்குப் பின்னால்

“எவன்டா அவன், எங்க வூட்டு கரண்ட்ட புடுங்கனது?”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தபோது, எலக்ட்ரீஷியன் மாரியப்பன் வெட்டிய வயரைக் கையில் பிடித்தபடி ஏணியில் நின்றிருந்தார்.

“சித்தி, உங்க வூட்டு நியூட்ரல் எங்க வூட்டு வழியா போவுதுங்க. அதுக்கு நாங்க என்ன பண்றது?” இந்தப் பக்கமிருந்து லியோனும் விட்டுக்கொடுக்காமல் கத்தினான்.

“ஓசூர்ல சம்பாரிச்சா ஊரு கரண்ட்டெல்லாம் ஒனக்குத்தானாடா? மொதல்ல லைட்டு குடு, அப்பறம் தேட்டர் கட்டு!”

அதியமான்கோட்டையில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வேலை இருந்தவர்களும் வந்தார்கள். ஒரே வீடாக இருந்ததுதான். வியாகுலமும் தம்பி மரிய ஆனந்தும் பாகம் பிரித்தபோது கூடத்துக்கு நடுவில் சுவர் எழும்பியது, பேச்சுவார்த்தை நின்றது. அண்ணன் தம்பியைப் பிரித்தவர்கள் வயரைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். மரச்சட்டத்தில் ஆணியடித்த பழைய வயர், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டை வழியாக, யாரையும் கேட்காமல் தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது வியாகுலத்தின் மகன் லியோன் வாங்கி வந்திருந்த ஹோம் தியேட்டரை அந்த வயர் தாங்காது என்று மாரியப்பன் சொல்லிவிட்டதால்தான் இத்தனை கூத்து.

தெரு முழுக்க வெட்டிய வயரைப் பார்த்தது. வியாகுலத்தின் மனைவி இசபெல்லா மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காருவாள், எழுந்திருப்பாள், முந்தானையால் துடைத்த இடத்தையே துடைப்பாள்.

தம்பி மனைவி ஸ்டெல்லாவின் மகள் பிளசி பிறந்ததிலிருந்து சுவர் எழும்பும்வரை இசபெல்லாவின் இடுப்பில்தான் இருந்தாள். சுவர் வந்ததும் இசபெல்லா தன் கல்லை அந்தப் போர்டுக்குக் கீழே கொண்டுவந்து போட்டாள். கடைக்காரர் மூட்டையாகக் கொடுக்கும் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை. “இங்கதான் காத்து வருது” என்பாள். ஃபேன் சுற்றுவது கூடத்தின் மறுகோடியில். காற்று வந்ததோ இல்லையோ, ஓட்டை வழியாகப் பிளசியின் காய்ச்சலும் பரீட்சையும் கொலுசுச் சத்தமும் வந்தன.

போன வாரம் வேறொன்று வந்தது. பிளசி போனில் யாரிடமோ மெல்லச் சொன்னாள்: “மொரப்பூர் மாப்பிள்ளைய எனக்குப் புடிக்கலடி. அம்மாகிட்ட எப்பிடி சொல்றதுன்னே தெரியல.”

வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் பூசையில் வாசித்துவிட்டால், அப்புறம் பின்வாங்குகிற பெண்ணைப் பற்றி ஊர் ஒரு வருடத்துக்குப் பேசும். அதற்குள் பிள்ளை தாயிடம் சொல்லிவிடுவாள் என்று இசபெல்லா தினமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தானே போய்ச் சொல்லலாம். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால்?

“அந்த ஓட்டைய சிமெண்ட் போட்டு அடைச்சுடுங்கண்ணா” என்றான் லியோன். “இல்லாட்டி சவுண்டெல்லாம் அந்தப் பக்கம் போயிடும்.”

“மாரியப்பா, இன்னொரு டீ குடிச்சுட்டுப் பூசு” என்றாள் இசபெல்லா.

“அக்கா, வயித்துல எடமில்லைங்க.”

“அப்ப ரெண்டு இட்லி?”

“ஏம்மா, அவர வேல செய்ய வுடு” என்றான் லியோன்.

மாரியப்பன் அந்த வீட்டுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்தார். அங்கே லைட் எரிந்தது. தெரு ஏமாற்றத்துடன் கலைந்தது. பிறகு போர்டைக் கழற்றினார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் முகம். அவள் சற்று விலகியதும் காலடியில் ஒரு புளி தட்டும் கல் தெரிந்தது.

மாரியப்பன் வாசலில் சிமெண்ட் குழைக்கப் போனார். லியோன் போனை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனான். இசபெல்லா ஓட்டையருகே வாயைக் கொண்டுபோனாள்.

“ஸ்டெல்லா, ஞாயித்துக்கெழம ஓல படிக்க வேணாம். பிளசிக்கு அந்தப் பையனப் புடிக்கல.”

“ஒங்களுக்கு யாரு சொன்னது?”

வாயில் பொய்யொன்று தயாராகத்தான் இருந்தது. வரவில்லை. “கேட்டுச்சு” என்றாள்.

“நீங்க கேக்கறது தெரியுங்க்கா. புளி தட்டற சத்தம் நின்னா நாங்க பேச்ச நிறுத்திக்குவோம். இத்தன வருசமா எங்க வூட்டுப் பழக்கமே அதான்.” ஸ்டெல்லா குனிந்து தன் கல்லைப் பார்த்தாள். “எம் புள்ள எங்கிட்ட சொல்லல. ஒங்க செவுத்துகிட்ட சொல்லியிருக்குது.”

மாரியப்பன் சட்டியோடு வந்தார்.

“கெட்டியா பூசு மாரியப்பா” என்று அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

பிறகுதான் இசபெல்லாவுக்கு உறைத்தது: பழக்கம் தெரிந்த பெண், அத்தனை பெரிய வீட்டில் போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஏன் போன் பேச வேண்டும்? அதுவும் இவள் கை நின்றிருந்த நேரம் பார்த்து?

ஞாயிற்றுக்கிழமை ஓலை படிக்கவில்லை. மொரப்பூர்ப் பையனுக்கு வேறிடத்தில் பெண் அமைந்து கல்யாணமும் ஆனது. பிளசி ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். லியோன் மோனிஷாவைக் கட்டினான். அவளுக்குச் சத்தமென்றால் தலைவலி. இருவரும் பெங்களூரில் வாடகைக்குப் போய்விட்டார்கள். ஹோம் தியேட்டர் பழைய சேலைக்குள் முக்காடிட்டு நிற்கிறது. ஸ்டெல்லா கோயிலில் எதிர்ப்பட்டால் இப்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த புளிக் காலம் வந்தது. இசபெல்லா கல்லைப் பழைய இடத்திலேயே போட்டாள். புதுச் சிமெண்ட் மட்டும் சுவரில் வெளுத்த வட்டமாகத் தெரிந்தது. பேச்சு எதுவும் கேட்பதில்லை. அந்தப் பக்கமும் புளி தட்டுகிற அதிர்வு மட்டும் வரும். கிறிஸ்துமஸுக்கும் வராத பிளசி, பாஸ்காவுக்காவது, ஈஸ்டருக்காவது வருவாளா?

இசபெல்லா தட்டுவதை நிறுத்தினாள்.

அந்தப் பக்கமும் சத்தம் நின்றது.