அரை மணிக்கு ஒரு வாய்

பின்தெரு வால்டர் வீட்டில் அவித்துக் கொடுத்த முட்டையை முந்தானையில் மறைத்துக்கொண்டு சுனிதா பின்வாசல் வழியாக நுழைந்தபோது, முன்வாசலில் அவள் மாமனார் ராஜப்பாவின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மேளக்காரர்கள் மேளத்தைத் தீயில் காய்ச்சுவதற்காக அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் சமையலறையிலிருந்து வந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. க்ரீச், க்ரீச் என்று விடாத சத்தம்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. முட்டை என்ற பேச்சே எடுக்கக்கூடாது. ஆனால் மைனாக் குஞ்சுக்கு அரை மணிக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும். விடிந்ததிலிருந்து ஒரே தடவைதான் கொடுத்திருந்தாள். அலமாரியிலிருந்த செருப்பு டப்பாவை இறக்கித் திறந்ததும், உடம்பைவிடப் பெரிய வாய் ஒன்று அவளை நோக்கி விரிந்தது. ஓரமெல்லாம் மஞ்சள், உள்ளே சிவப்பு. மஞ்சள் கருவைப் பொட்டுக்கடலை மாவோடு பிசைந்து ஐஸ் குச்சியின் நுனியில் எடுத்து ஊட்டினாள்.

பத்து நாளைக்கு முன்னால் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த பொந்திலிருந்து அது விழுந்தது. கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. ராஜப்பா அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"உயிரு கீதும்மா" என்றார்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு தினமும் ரயிலேறிப் போய் பெங்களூரில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாக இருந்தார். அதையும் விட்டபின் வீட்டோடு இருந்தார். இப்போது அந்த ரயிலில் அவர் மகன் மனோகர் போகிறான். விடியுமுன் கிளம்பினால் திரும்ப ஒன்பது மணி. பதினோரு வருடமாகப் பகல் முழுவதும், சுரங்க ஆட்களுக்கென வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். அவர் கீரை ஆய்வார், அவள் துணி தைப்பாள். இருவருக்கும் நடுவில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்.

குஞ்சு வந்ததும் அவர் வேலையைப் பிரித்துக்கொடுத்தார். "ஃபர்ஸ்ட் ஷிப்ட் நான். மதியத்துக்கு மேல நீ. நைட் ஷிப்ட் கெடையாது, அது தூங்கிடும்."

மூன்றாம் நாள் கூரைமேல் இரண்டு மைனாக்கள் வந்து கத்தின. ஒன்றின் அலகில் வெட்டுக்கிளி இருந்தது. சுனிதாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஆத்தாக்காரி தேடுது மாமா. மறுபடி பொந்துலயே வெச்சிடலாம்."

"தேடுதுன்றியா?" என்று அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலை எடுத்து வந்தார்.

அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் குஞ்சோடு அவர் ஏறினார். அப்போது உள்ளே அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. "இருங்க மாமா, தோ வந்துட்டேன்" என்று ஓடினாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் கீழே கிடந்தார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த கைக்குள் குஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தொடை எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மனோகரிடம் அவள் வாயைத் திறப்பதற்குள் ராஜப்பா முந்திக்கொண்டார். "இவ கடைக்குப் போயிருந்தா. நானே ஏறினேன்டா, புத்தி கெட்டுப்போய்."

அதன்பின் மனோகர் லீவு போட்டு ஆஸ்பத்திரியிலேயே இருந்தான். சுனிதா பகலெல்லாம் குஞ்சுக்கு ஊட்டிவிட்டு, அது தூங்கியதும் பஸ் ஏறிப் போவாள். நேற்று முன்தினம் மனோகர் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம். ராஜப்பாவுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. பழைய சுரங்கத் தூசி எல்லாம் சேர்ந்து நெஞ்சை அடைப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

"அவர்கிட்ட சொல்லிடறேன் மாமா."

"இன்னாத்த சொல்லுவ? பால் பொங்கிச்சு, போன. இருன்னு சொல்லிட்டுத்தானே போன. நான்தான் இருக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "துன்னுச்சா?"

"துன்னுச்சு."

"எத்தினி வாட்டி?"

"இருவது வாட்டி இருக்கும்."

"பத்தாதும்மா" என்றார். அதுதான் அவளிடம் அவர் கடைசியாகச் சொன்னது. இன்று விடியற்காலை உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"இது இன்னும் இங்கதான் கீதா?"

மனோகர் ஈர வேட்டியோடு சமையலறை வாசலில் நின்றான். அவள் கையிலிருந்த குச்சியைப் பார்த்தான்.

"பசிக்குதுங்க அதுக்கு."

"எங்கப்பா வெளிய கெடக்கறாரு. நீ இதுக்கு ஊட்டினு கீற."

குரலை உயர்த்தவில்லை. டப்பாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனான். மதில்மேல் அடுத்த வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. அவன் டப்பாவை மதில்மேல் வைக்கப் போனான்.

"இதுக்காக ஏறி உழுந்தாரு. ஒரு ஆளு கூட இருந்திருந்தா..."

"ஆளு இருந்துது" என்றாள் சுனிதா.

அவன் திரும்பினான்.

"நான் கடைக்குப் போகல. ஸ்டூல நான்தான் புடிச்சினு இருந்தேன். பால் பொங்கிச்சு, உட்டுட்டு ஓடினேன். மேல வெச்சிடலாம்னு சொன்னதும் நான்தான். அது ஒண்ணும் பண்ணல."

குஞ்சு கத்திக்கொண்டே இருந்தது. மனோகர் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முன்வாசலிலிருந்து ராஜப்பாவின் அக்கா ரத்தினம்மா கூப்பிட்டாள். "மனோகரு, வாப்பா. நீதான் மொதல் தண்ணி ஊத்தணும்."

அவன் டப்பாவைத் தண்ணீர் டிரம்மின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனான். சுனிதா ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டாள்.

ஆண்கள் எல்லாரும் கிளம்பிப் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை சுனிதா துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். மூன்றாவது தடவை ரத்தினம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். முட்டையைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று சுனிதா நினைத்தாள்.

"குடு இப்படி. நீ போய் அந்தத் தண்ணிய தள்ளு."

"பெரிம்மா, முட்டை..."

"கண்ணு தெரியுது எனக்கு."

சுனிதா தண்ணீரைத் தள்ளிவிட்டு வந்து எட்டிப் பார்த்தபோது, ரத்தினம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்திருந்தாள். காலையிலிருந்து அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"இன்னா வாயி இது" என்றாள் குஞ்சிடம். "எங்க ராஜப்பாவும் சின்னதுல இப்படித்தான். எங்கம்மா சூளைக்குப் போயிடும். நான் ஊட்ட ஊட்ட வாயத் தொறந்துனே இருப்பான்." பிறகு அடுத்த வாயைக் கொடுத்தாள்.

புதைத்துவிட்டு வந்த மனோகர் விளக்கைக் கும்பிட்டுவிட்டுச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டான். சுனிதாவிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வந்தவர்களிடம் அப்பா விழுந்த கதையைச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம், "வீட்ல யாரும் இல்ல, அவரே ஏறிட்டாரு" என்றே சொன்னான். கதவுக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது தனக்காகச் சொல்வதா, அப்பாவின் வார்த்தையை மாற்ற மனமில்லாமல் சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. குஞ்சின் முதுகில் கறுப்பு இறகுகள் பிரிய ஆரம்பித்திருந்தன. டப்பா அலமாரியிலேயே இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை புதைத்த இடத்தில் பால் ஊற்றப் போனார்கள். சுனிதாதான் பித்தளைச் சொம்பில் பாலை நிரப்பிக் கொடுத்தாள். மனோகர் வாங்கிக்கொண்டான். வால்டரும் கூடப் போனார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள் என்றுதான் ரத்தினம்மா இட்லி ஊற்றி வைத்தாள். வெயில் ஏறிவிட்டது. மற்ற ஆண்கள் வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மனோகரைக் காணோம்.

"எங்க அவன்?"

"அங்கதான் கீறான்" என்றார் வால்டர், தட்டிலிருந்து நிமிராமல். "வருவான்."

பத்து மணிக்குமேல் பின்வாசல் கதவு திறந்தது. மனோகரின் வேட்டி முழங்கால்வரை மண்ணாக இருந்தது. விளிம்பெல்லாம் புல்முள் ஒட்டியிருந்தது. முழங்கையில் ஒரு கீறல். சொம்பின் வாயைக் கைக்குட்டையால் இறுகக் கட்டியிருந்தான்.

சுனிதா ஐஸ் குச்சியோடு எழுந்து நின்றாள். அவன் சொம்பை அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள். பால் இல்லாமல் லேசாக இருந்தது. உள்ளே என்னவோ பித்தளையில் டொக், டொக் என்று முட்டியது.

"மெதுவாத் தொற" என்றான் மனோகர். "எல்லாம் குதிக்கும்."