எந்தப் பாட்டிலில் மருந்து

ஆதிகேசவனுக்கு ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் காலில் பட்ட வெட்டு சீழ் வைத்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கியிருந்தது. அது தொண்ணூற்றேழாம் வருடம். தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் ரெனிட்டா அவன் மனைவி அம்பிகாவை வெளியே அழைத்தாள்.

"உடம்பே உண்டாக்குற ஒரு வாயு ரத்தக்குழாய்ல ஜாஸ்தியா ஊறி, குழாயெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. அந்த வாயுவை அடக்க ஒரு மருந்தைச் சோதிக்கிறோம். இவரையும் அதுல சேத்துக்கலாமா?"

"இன்னா மருந்து?"

"மருந்தாவும் இருக்கலாம், வெறும் குளுக்கோஸ் தண்ணியாவும் இருக்கலாம். எந்த பாட்டில்ல எதுன்னு எனக்கே தெரியாது. மத்த வைத்தியம் எப்பவும்போல நடக்கும்."

அம்பிகா யோசித்தாள். "ஊர்ல தெரிஞ்ச மாதிரி பேசின டாக்டருங்க எல்லாம் கையை விரிச்சிட்டாங்க. நீங்க போடுங்க."

பக்கத்துக் கட்டிலில் தோல் வியாபாரி நிசார் அஹமது. அதே நோய், அதே சோதனை. அவருடைய அழுத்தம் சில மணி நேரத்தில் நூற்றிருபதுக்கு ஏறியது. ரெனிட்டா அவர் மகன் நயீமைத் தேடிப்போய்ச் சொன்னாள். ஆதிகேசவன் இழுத்துக்கொண்டே கிடந்தான்.

மூன்றாம் நாள் நிசார் அஹமதின் இதயம் ஓய்ந்தது. அழுத்தம் கடைசிவரை நன்றாகவே இருந்தது. ஆதிகேசவன் மெல்லத் தேறி, கஞ்சி கேட்டான்.

அடுத்த வருடம் சோதனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மருந்து ஏறியவர்களில்தான் சாவு அதிகம். யாருக்கு எது என்ற விவரமும் பிறகு வந்தது.

காலைக் காட்ட வந்த ஆதிகேசவனிடமும் அம்பிகாவிடமும் ரெனிட்டா சொன்னாள்: "உங்களுக்குப் போனது தண்ணி."

"ஊரெல்லாம் புது மருந்துல பொழைச்சேன்னு சொல்லிட்டேனே," என்றான் அவன்.

"சீழை எடுத்தாங்க, ஊசி போட்டாங்க, பொழைச்சே. அதைச் சொல்லு," என்றாள் அம்பிகா.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெனிட்டா பஸ் ஏறி ஆம்பூரில் நயீமின் வீட்டுக்குப் போனாள். அவன் அப்பாவுக்கு ஏறியது அந்த மருந்துதான் என்று உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

நயீம் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். "அன்னிக்கி நீங்க சொன்னதும் உள்ள போய் அப்பா காதுல சொன்னேன், பிரஷர் ஏறிடுச்சுன்னு. என் கையைப் புடிச்சார்."

"நானும் அன்னிக்கி சந்தோஷப்பட்டேன்," என்றாள் ரெனிட்டா.

"இனிமே அதை யாருக்கும் போட மாட்டீங்களே?"

"மாட்டோம்."

அவன் உள்ளே திரும்பி டீ போடச் சொன்னான்.