கண்காணிப்பாளர் கையில் ஒரு பிஸ்டல்

காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். வயிற்றுவலி என்றால் நம்பமாட்டார்கள். மெட்ராஸ் ஐ என்றால் மட்டும் எதுவும் கேட்காமல் விரட்டிவிடுவார்கள். இதை யோசித்துத்தான் அறிவுச்செல்வன் புதன்கிழமை காலையில் தன் கண்காணிப்பாளருக்குப் போன் செய்தான்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் அவன் இளநிலை உதவியாளர். கண்காணிப்பாளர் சந்திரம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். அவர் நடந்து வந்தால் மின்விசிறிகூடக் கொஞ்சம் அடக்கமாகச் சுற்றும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள்.

"மேடம், ரெண்டு கண்ணும் கோவப்பழம் மாதிரி செவந்துபோச்சு மேடம். பீளையா வடியுது."

"ஐயையோ, ஆபீஸ் பக்கமே வந்துடாத. நல்லா ஆவுற வரைக்கும் வூட்டுலயே கெட. எத்தினி நாள் ஆனாலும் பரவால்ல."

போனை வைத்துவிட்டு அவன் கண்ணாடியில் பார்த்தான். இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. முந்தின நாள் மாலையே தலைமுடியை ஒட்ட வெட்டியாகிவிட்டது. மனைவி சினேகா, "ராணுவ வீரரே, போறதுக்கு முன்னாடி மாவு அரைச்சு வாங்கினு வந்துடுங்க," என்றாள். வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

செங்கம் ரோட்டு விடுதிகளில் ஒரு சினிமா யூனிட் இறங்கியிருந்தது. ராணுவத்தின் பெரிய அதிகாரிகள் சிலர் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறார்கள். நேர்மையான ஒரு மேஜர் அதைக் கண்டுபிடிக்கிறான். அதுதான் படத்தின் கதை. சதிகாரப் படைக்கு உள்ளூரில் உயரமான ஆட்கள் தேவைப்பட்டார்கள். அறிவுச்செல்வன் ஐந்தடி பத்தங்குலம். சின்ன வயதிலிருந்தே துப்பாக்கிப் படம் என்றால் உயிர். வேறென்ன வேண்டும்?

முதல் நாளே அவனுக்கு ஓர் ஏமாற்றம். கையில் கொடுத்த துப்பாக்கி வளைந்தது.

"இன்னா பாய் இது, கீரைத்தண்டு மாதிரி வளையுது?"

துப்பாக்கிகளுக்குப் பொறுப்பானவர் பக்ருதீன். இருபது வருஷமாகச் சினிமாக்காரர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து வாங்குகிறவர். ஒரு நிஜத் துப்பாக்கியைக்கூட வெடித்துப் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

"ரப்பர் தம்பி. பின்னால ஓடுறவங்களுக்கு ரப்பர்தான். வுழுந்தாலும் பல்லு போவாது. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஃபைபர். கேமரா மூஞ்சிக்கிட்ட வர்ற நாலு பேருக்கு மட்டும் இரும்பு."

பக்ருதீன் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். இந்தப் படத்தில் யார் கையில் எந்தத் துப்பாக்கி என்று சொன்னாலே முழுக்கதையும் சொன்ன மாதிரி என்றார். மேஜருக்குப் பளபளவென்ற கறுப்பு பிஸ்டல். சதிக்குத் தலைவனான ஜெனரலுக்குப் பழைய ரிவால்வர். சுடுவதற்கு முன்னால் அவன் அதன் உருளையைச் சுற்றிவிட்டு வசனம் பேசவேண்டும். மலைமேல் ஒளிந்திருக்கிறவனுக்குத் தொலைநோக்கி வைத்த நீளத் துப்பாக்கி. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு குட்டி பிஸ்டல் கீது. உள்ளங்கையில அடங்கிடும். யாருக்குன்னு டைரக்டர் எங்கிட்டயே சொல்லல. ஏதோ ஒரு மேஜை டிராயர்ல வைக்கணும்னு மட்டும் சொன்னாரு. அந்த மேஜையில யார் உக்காந்து கீறாங்களோ, அவங்கதான் கடைசித் துரோகி."

அறிவுச்செல்வனுக்கு அந்தக் குட்டி பிஸ்டலில் அக்கறை இல்லை. இரும்புத் துப்பாக்கி வேண்டும். மூன்று நாள் பக்ருதீனை விடாமல் சுற்றினான். பெட்டி தூக்கினான், எண்ணெய் போட்டுத் துடைத்தான், டீ வாங்கி வந்தான். ஆபீசில் இவ்வளவு வேலை செய்திருந்தால் எப்போதோ பதவி உயர்வு வந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பக்ருதீன் மனம் இரங்கினார். இரும்பு அவன் கைக்கு வந்தது. கனத்தது. தோள் இறங்கியது. மனசு மட்டும் மேலே போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் புறப்பட்டது. ராணுவச் செயலகத்தைச் சதிகாரப் படை கைப்பற்றும் காட்சி என்றார்கள். எங்கே என்று கேட்டதற்கு, "ஏதோ கவர்மென்ட் ஆபீசாம், லீவு நாள்ல பர்மிஷன் வாங்கிக் கீறாங்க," என்றார் பக்ருதீன். கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் வேன் திரும்பியபோது அறிவுச்செல்வனுக்கு லேசாக வியர்த்தது. அது நின்ற இடம் அவன் தினமும் ஸ்கூட்டரை நிறுத்துகிற அதே வேப்பமரம்.

"பாய், எனக்கு ரப்பரே போதும். பின்னாலயே ஓடறேன்."

"பைத்தியமா உனக்கு? மூணு நாளா உயிரை எடுத்துட்டு இப்ப ரப்பரா? லிஸ்ட் குடுத்தாச்சு. முன்னால போய் நில்லு."

நல்லவேளையாக முகமூடி கொடுத்தார்கள். கறுப்புத் துணியில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அதை மாட்டிக்கொண்டதும் அவனுக்கு மூச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் இருக்கப்போகிறார்கள்? காவலாளி இருப்பார். அவருக்கோ மூக்குக் கண்ணாடி போட்டாலும் பாதிதான் தெரியும்.

டைரக்டர் வளவன் ஒலிபெருக்கியில் கத்தினார். அறிவுச்செல்வனும் மற்ற மூன்று பேரும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, அவன் தினமும் உட்கார்ந்து வேலை செய்கிற பிரிவுக்குள்ளேயே பாய்ந்தார்கள். அந்த அறை வாசலில் ஒரு படி கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கும். முதல் ஆள் தடுக்கினான். இரண்டாவது ஆள் முதல் ஆள்மேல் விழுந்தான். மூன்றாமவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அறிவுச்செல்வன் மட்டும் கீழே பார்க்காமலேயே அழகாகத் தாண்டி உள்ளே போனான்.

"கட்! லைட்டு பத்தலப்பா. இந்த ரூமுக்கு ஸ்விட்ச் எங்க?" என்றார் வளவன்.

உதவியாளர்கள் நாலு சுவரையும் தடவினார்கள். அறிவுச்செல்வனின் கை, அவனைக் கேட்காமலேயே, இரும்பு பீரோவுக்குப் பின்னால் போய் ஸ்விட்ச்சைப் போட்டது. ஐந்து வருஷப் பழக்கம்.

விளக்கு எரிந்தது. எதிரே கண்காணிப்பாளரின் மேஜை. மேஜைக்குப் பின்னால் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில், முகத்தில் பவுடரோடு, சந்திரம்மாள்.

நடந்தது இதுதான். லீவு நாளில் அலுவலகத்தைத் திறந்துவிடவும், கோப்புகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளவும் அவரை வரச்சொல்லியிருந்தார்கள். காலையில் அவர் லைட்மேன்களை மிரட்டிய தோரணையை வளவன் பார்த்தார். செயலக அதிகாரியாக நடிக்கவேண்டிய சென்னை நடிகை வரவில்லை. "நீங்களே உக்காருங்க மேடம்," என்று கேட்டார். முடியாது என்று மூன்று முறை சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஆளனுப்பிப் பட்டுப்புடவை எடுத்துவரச் சொல்லியிருந்தார் சந்திரம்மாள்.

அறிவுச்செல்வன் ஆடாமல் அசையாமல் நின்றான். சந்திரம்மாள் அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு பீரோவைப் பார்த்தார். பிறகு மறுபடி அவனை.

"சோல்ஜர் தம்பி, இப்படிக் கிட்ட வா."

போனான்.

"குனி."

குனிந்தான். முகமூடியின் ஓட்டைக்குள் அவர் நிதானமாகப் பார்த்தார், கோப்பில் அடித்தல் திருத்தல் தேடுவதுபோல.

"கண்ணு வெள்ளை வெளேர்னு கீது, அறிவு. எந்த டாக்டர்கிட்ட காட்ன?"

இரும்புத் துப்பாக்கி கையிலிருந்து நழுவி அவன் கால் கட்டைவிரலிலேயே விழுந்தது. கத்தக்கூட முடியவில்லை.

"மேடம்... அது வந்து..."

"அப்புறம் பேசிக்கலாம். டைரக்டர் கூப்புடுறாரு பாரு. போய் வேலையைப் பாரு," என்றார் சந்திரம்மாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

வளவன் காட்சியை விளக்கினார். வீரர்கள் நுழைவார்கள். அதிகாரி கைதூக்குவார். எல்லோரும் அவரைப் பாவம் என்று நினைப்பார்கள். முன்னால் நிற்கிற வீரன் மட்டும் அவர் முகத்தில் எதையோ பார்த்துச் சந்தேகப்படுவான். உடனே அதிகாரி டிராயரைத் திறந்து பிஸ்டலை எடுத்து அவனைச் சுட்டுவிடுவார். சதியின் மூளையே அவர்தான்; அது சொந்தப் படைக்குக்கூடத் தெரியக்கூடாது.

"முன்னால நிக்கிற வீரன் யாரு சார்?" என்று கேட்டார் சந்திரம்மாள்.

"இதோ, இவருதான்."

"ரொம்ப சந்தோஷம்."

பக்ருதீன் குட்டி பிஸ்டலைக் கொண்டுவந்து டிராயரில் வைத்தார். உள்ளே எதுவும் இல்லை என்று இரண்டு பேருக்கும் திறந்து காட்டினார். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். அறிவுச்செல்வனின் சட்டைக்குள் சிவப்புச் சர்க்கரைப்பாகு நிரப்பிய பை ஒன்றைக் கட்டினார்கள். சுட்டதும் அவனே அதை அமுக்கி உடைத்துக்கொண்டு விழவேண்டும்.

முதல் டேக். சந்திரம்மாள் டிராயரைத் திறந்தார், பிஸ்டலை எடுத்தார், நீட்டினார். "டுமீல்!" என்றார்.

"கட்! மேடம், வாயால டுமீல் சொல்லக்கூடாது."

"சத்தம் வரலையே சார்?"

"நாங்க போட்டுக்குவோம் மேடம்."

இரண்டாவது டேக்கிலும் டுமீல். மூன்றாவதில் உதட்டை இறுக்கிக்கொண்டார். ஆனால் சுட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். நாலாவதில், "இவன் சரியா வுழல சார், பொறுப்பே இல்லாம வுழறான். இன்னொரு தடவை எடுத்துருங்க," என்றார். ஐந்தாவதில் பிஸ்டலுக்குப் பதில் டிராயரிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்து நீட்டிவிட்டார். ஆறாவது நன்றாகவே வந்தது. வளவன் சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "என் மூஞ்சி எனக்கே திருப்தியா இல்ல," என்றார்.

ஒவ்வொரு முறையும் அறிவுச்செல்வன் பையை உடைத்துக்கொண்டு தரையில் விழுந்தான். ஒவ்வொரு முறையும் சட்டையை மாற்றி வேறு பை கட்டினார்கள். சர்க்கரைப்பாகு வழிந்து காற்சட்டைக்குள் இறங்கியது. கோப்பு அறையில் குடியிருந்த எறும்புகளுக்குச் செய்தி போய்விட்டது. ஏழாவது டேக்கில் செத்துக் கிடந்தவன் நெளிந்தான்.

"பொணம் ஆடுது, பொணம் ஆடுது!" என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னது சந்திரம்மாள்தான்.

எட்டாவது டேக்கில் அறிவுச்செல்வனுக்கு ஒரு வீம்பு வந்தது. சாவதுதான் சாகிறோம், ஒழுங்காகச் செத்துத் தொலைவோம். துப்பாக்கியை ஏந்தி, அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். ஐந்து வருஷத்தில் ஒருநாளும் அவரை இப்படிப் பார்த்ததில்லை. எப்போதும் மேஜைமேல் இருக்கிற கோப்பைத்தான் பார்ப்பான். சந்திரம்மாளும் பார்த்தார். டிராயர் திறந்தது. கை நடுங்காமல் பிஸ்டல் மேலே வந்தது. அவன் பையை அமுக்கி உடைத்தான். மண்டியிட்டு, பீரோவில் சாய்ந்து, மெதுவாகச் சரிந்தான்.

யூனிட் மொத்தமும் கைதட்டியது. பக்ருதீன் விசிலே அடித்துவிட்டார்.

சாயங்காலம் கேமராவெல்லாம் வண்டி ஏறியபின் சந்திரம்மாள் அறைகளைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் அறிவுச்செல்வன், பக்கத்துக் கடைக்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டரோடு, தலை குனிந்து நின்றிருந்தான். முடியில் பாகு காய்ந்திருந்தது.

"ஆட்டோ ஒண்ணும் கெடைக்காது மேடம். கிரிவலக் கூட்டம். நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

"கோயில் பே கோபுரம் தாண்டி வுட்டாப் போதும்," என்று பட்டுப்புடவையை வாரிக்கொண்டு பின்னால் ஏறினார். மலைமேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், லீவு விஷயம்..."

"மூணு நாளும் உன் சொந்த லீவுல கழியும். மெட்ராஸ் ஐ எல்லாம் செல்லாது. நாளைக்குக் காலையில வந்து எழுதிக் குடு."

"சரிங்க மேடம்." தண்டனை அவ்வளவுதானா என்று அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. தைரியம் வந்து கேட்டான்: "மேடம், கடைசி டேக்குல நீங்க பார்த்த பார்வை கீதே... ஒரு செகண்ட் நெஜமாவே சுட்டுடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"தோணிச்சுப்பா. மறைக்கிறதுக்கு இன்னா."

"கடைசி டேக்குலயா?"

"மொதல் டேக்குலேர்ந்தே," என்றார் சந்திரம்மாள். "பள்ளம் வருது, பார்த்து ஓட்டு."