பனியன் துணி வடிகட்டி

காலையில் கோமாளி மீன் ஒன்று செத்து மிதந்ததை முதலில் பார்த்தது சசிகுமார்தான். ஜோடியாக இருந்ததில் ஒன்று. வயிறு ஒட்டிப்போய் அவன் உள்ளங்கையில் கிடந்தது. அதைக் கண்ணால் பார்த்தும் அவன் வாயில் வந்த முதல் கேள்வி இதுதான்.

"மறுபடியும் எனக்குத் தெரியாம தீனி போட்டியா ஜனனி?"

அவன் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "நான் தொட்டிப் பக்கமே வர்றதில்லீங்க. நீங்கதானே வரக்கூடாதுன்னீங்க?"

சொன்னவன் அவனேதான். கூடத்தில் இருந்த கடல்நீர்த் தொட்டியில் சில மாதங்களாகப் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போனது. பவளங்கள் நிறம் மங்கின, பாறையெல்லாம் பாசி. தின்னாத தீனி அழுகினால் பாஸ்பேட் ஏறும் என்று எங்கோ படித்தான். படித்த அன்றே குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டான், மகா கெட்டிக்காரன்! தீனி போடுவது ஜனனிதானே. அவளை விலக்கிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை என்று சுருக்கிவிட்டான்.

மற்றபடி அவனைக் குறை சொல்ல முடியாது. பாஸ்பேட்டை ஒரேயடியாக இறக்கினால் பவளம் தாங்காது என்று தெரிந்து வைத்திருந்தான். அதைப் படிய வைக்கும் மருந்தை நன்றாக நீர்க்கச் செய்து, தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டிப் பையில் சொட்டுச் சொட்டாக விடுவான். படிவதைப் பை பிடித்துக்கொள்ளும். அந்தப் பையை மட்டும் அவன் முதலிலிருந்தே கடையில் வாங்கவில்லை. பனியன் கம்பெனி முதலாளி துணிப்பையைக் காசு கொடுத்து வாங்கினால் ஊர் சிரிக்காதா? சொந்த யூனிட்டில் வெளுத்த துணியில் கட்டுக்கட்டாகத் தைத்து வைத்து, தினமும் புதுசு மாற்றினான். அலசக்கூட இல்லை. காதர்பேட்டை பனியன் சந்தை வியாபாரிகள் தடவிப் பார்த்து மெச்சும் வெள்ளை, அதைப் போய் அலசுவதா?

ஆனாலும் இன்று இறங்கியது நாளை ஏறியது.

"தொட்டியில கலக்கற கடலுப்பைச் சோதிச்சேன், ஆர்.ஓ. தண்ணியைச் சோதிச்சேன். ரெண்டும் சுத்தம். அப்புறம் தீனிதானே?" என்றான்.

ஜனனி ஒரு டம்ளரில் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, பைக்கட்டிலிருந்து புதுசு ஒன்றை உருவி அதில் முக்கிப் பிழிந்தாள்.

"இதைச் சோதிச்சீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம துணியவா? உனக்கென்ன கிறுக்கா?"

சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, மருந்து சேர்த்துக் குலுக்கினான். பாஸ்பேட் இருந்தால் நீலமாகும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம். குழாய் பேனா மை மாதிரி கறுநீலமாக நின்றது.

சசிகுமார் வேறு கட்டிலிருந்து இன்னொரு பையை எடுத்துச் சோதித்தான். அதுவும் அப்படியே. வெளுப்பில் சேர்க்கும் மருந்து! துணி இன்னும் பளிச்சென்று வரவேண்டும் என்று சில மாதங்களுக்கு முன் அவனே தேடிப்பிடித்துச் சேர்க்கச் சொன்னது. அதில் பாஸ்பேட் உண்டு என்பதும் அவனுக்குத் தெரிந்ததுதான். தினமும் ஒரு கையால் இறக்கி மறுகையால் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அந்த மீன் செத்தது பட்டினியில். அவன் போட்ட பட்டினி.

"ஐயோ" என்று வடிகட்டியில் இருந்த பையைப் பிடுங்கி எறிந்தான். எப்படியாவது இப்போதே சரிசெய்துவிட வேண்டும் என்ற வெறியில் பாஸ்பேட்டைப் படிய வைக்கும் மருந்து பாட்டிலைத் திறந்து தொட்டிமேல் கவிழ்க்கப் போனான். ஜனனி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பைய எடுத்தாச்சுல்லங்க? இனி மெதுவாத்தான் எறக்கோணும். அவசரப்பட்டா மிச்சம் இருக்கறதும் போயிரும்."

அவன் பாட்டிலை வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இனி நீயே பார்த்துக்கோ, ஜனனி. தீனியும் நீயே போடு."

"வேண்டாமுங்க" என்றாள். "நாளைக்கு இன்னொண்ணு செத்தா, யாரைக் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."